மறுமொழி: காரில் ‘எர்த்’ – புவியிணைப்பா, மீள்வழியா?

அனைவருக்கும் வணக்கம்.

காரில் ‘எர்த்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு முந்தைய மடலில் வந்த ‘புவியிணைப்பு’ என்ற சொல் வீட்டு வயரிங்குக்குச் சரி. அங்கே கம்பி நிஜமாகவே மண்ணுக்குள் இறங்குகிறது. ரப்பர் டயரில் நிற்கும் காருக்கு மண்ணோடு என்ன தொடர்பு? பேட்டரியின் நெகட்டிவ் முனையை இரும்பு பாடியோடு பிணைத்திருக்கிறார்கள்; அதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். விளக்குக்குப் போன மின்னோட்டம் அந்தப் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

போன மாதம் என் வண்டியில் இடது இண்டிகேட்டர் போட்டால் அதே பக்கத்துப் பின்விளக்கும் மங்கலாகச் சேர்ந்து சிமிட்டியது. இரண்டு பல்பு மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. புதுப்பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியன் டிக்கி ஓரத்தில் விளக்கு வயரைப் பாடியோடு பிணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வாஷருக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டி நிற்கிற வண்டி, உப்புக்காற்று விடுமா? “கரண்டு திரும்பிப் போக வழி இல்ல சார், அதான் பக்கத்து பல்பு வழியா சுத்திப் போகுது” என்றார். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் சரியாகிவிட்டது.

அவர் வாயிலேயே சொல் இருக்கிறது: மீள்வழி. ‘எர்த் சரியில்லை’ என்பதை ‘மீள்வழித் தடை’ எனலாம்.

சொல் உதவுகிறதா என்று ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்: “ஹெட்லைட் மங்கினால், விளக்கு எரியும்போதே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு வயர் முனையைப் பல்பின் மீள்வழி வயரிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 1 வோல்ட் காட்டினால் மீள்வழித் தடை.” 55 வாட் பல்பு 5 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும், துருப் பிடித்த இணைப்பில் 0.2 ஓம் இருந்தாலே கிட்டத்தட்ட 1 வோல்ட் போய்விடும். ஹாலஜனில் அந்த 1 வோல்ட்டுக்கு வெளிச்சம் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். இதே குறிப்பில் ‘புவியிணைப்பு’ என்று போட்டால், படிக்கிறவர் தரையைத் தேடுவார்.

பாடியையும் சேர்த்துச் சொல்ல ‘கூட்டு மீள்வழி’ என்று யோசித்தேன். பாடியைக் குறிக்கும் ‘கூடு’ என்று யாரும் படிக்க மாட்டார்கள், பொதுவழி என்றே எடுத்துக்கொள்வார்கள். விட்டுவிட்டேன்.

அப்புறம், அந்த போல்ட் இருக்கிற எர்த் பாயிண்டுக்கு என்ன சொல்லலாம்? ‘மீள்முனை’ என்றால் பேட்டரி முனையோடு குழம்பும். ‘மீள்புள்ளி’ சரிவருமா? சொல்லுங்கள்.