கிண்டிலில் படித்தவர்களின் குறிப்புகள் மூலப்பிரதியோடு பொருந்தவில்லை

கேள்வி:
அச்சுக்குப் போகாத நாவல், 31 அத்தியாயம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. வேர்டு கோப்பை ஆறு பேருக்கு அனுப்பினேன். கிண்டில் மின்னூல் கருவியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்ததாம். பிடிஎஃப் கொடுத்தால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. யூனிகோடில் மாற்றி அனுப்பியபின் படித்தார்கள். ஆனால் கிண்டில் பக்க எண்ணுக்குப் பதிலாகக் காட்டும் இட எண்ணை வைத்து "லொகேஷன் 1840 குழப்பம்" என்று வரும் குறிப்பை என் கோப்பில் எங்கே தேடுவது?

பதில் 1:
பாமினி ஆங்கிலக் குறியீடுகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. கருவியில் அது இல்லாததால் உள்ளிருப்பது வெளியே தெரிந்துவிட்டது. பிடிஎஃபில் வரிகள் திரை அகலத்துக்கு ஏற்ப மடங்காது, ஆறு அங்குலத் திரைக்கு ஏ4 ஆகாது.

லொகேஷன் எண்ணை விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு பத்தியைத் திருத்தி மறுபடி அனுப்பினாலே அதன்பின் எல்லாம் நகர்ந்துவிடும். வேர்டில் அத்தியாயத் தலைப்புக்கு 'ஹெடிங் 1', காட்சிக்கு 'ஹெடிங் 2' கொடுத்து 7.3, 7.4 (ஏழாம் அத்தியாயம், மூன்றாம், நான்காம் காட்சி) என்று எண்ணிடுங்கள். காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் இபப் (மின்னூல் கோப்பு வடிவம்) ஆக்கும்போது நூல் தலைப்பிலேயே 'வரைவு 2' என்று சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வரைவுகளின் குறிப்பும் ஒரே பெயரில் கலந்துபோகும், பிரிப்பது பெரும்பாடு.

மின்னஞ்சலில் அனுப்பினால், வாசகர் தன் அமேசான் கணக்கில் உங்கள் முகவரியை அனுமதிக்க வேண்டும். யூஎஸ்பி வழி என்றால் இபப்பை அப்படியே போடாதீர்கள், கிண்டில் திறக்காது, கிண்டில் திறக்கும் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக்குங்கள். கோபோ என்ற வேறு மின்னூல் கருவிக்கு இபப் போதும்.

பதில் 2:
கிண்டில் கருவியை யூஎஸ்பியில் இணைத்தால் 'டாக்குமென்ட்ஸ்' உறையில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பு இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்குங்கள். கோடிட்ட வரியே அதில் இருக்கும்; ஐந்தாறு சொற்களை நகலெடுத்து வேர்டில் ஒட்டித் தேடலாம். கையால் தட்டித் தேடினால் சிக்கல் வரும்: பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் வந்த 'கொ', கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இருக்கலாம், உங்கள் விசைப்பலகை ஒரே குறியாக இடும். பார்க்க ஒன்றுதான், தேடலில் சிக்காது.

வாசகர் அழித்த குறிப்பும் அந்தக் கோப்பில் அப்படியே கிடக்கும். கைப்பேசிச் செயலியில் படிப்பவர்களுக்கு இந்தக் கோப்பே உருவாகாது. அவர்கள் காட்சி எண்ணைக் குறித்து அனுப்பட்டும்.

கிண்டில் போன்ற கருவிகளின் மின்மைத் (இ-இங்க்) திரையில் தட்டச்சு மெதுவானது. நீண்ட கருத்து கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். வரியைக் கோடிட்டு ஓர் எண் மட்டும் இடச் சொல்லுங்கள்: 1 சலிப்பு, 2 குழப்பம், 3 நம்பமுடியவில்லை, 4 பிடித்தது. ஒரே காட்சியில் மூவர் 2 போட்டிருந்தால் அங்கே கட்டாயம் கை வையுங்கள். ஒருவர் மட்டும் 1 போட்ட இடத்தை அவசரப்பட்டு வெட்டவேண்டாம்.

கேட்டவர்:
காட்சி எண் போட்டு, தலைப்பில் 'வரைவு 2' சேர்த்து இபப் எடுத்துவிட்டேன். முதலில் இரண்டு பேருக்கு அனுப்பிப் பார்க்கிறேன். நன்றி.