ஸ்டீம் இல்லாம கேம் ஓடுமா, ஓடாதா?

பழையமவுஸ்: பிசி கேம் விக்கிற ஸ்டீம் ஆப்பப் பத்தி நேத்து இன்னொரு திரில ஒருத்தர் "ஸ்டீம்ல வாங்குனா ஒரு கேம் கூட ஸ்டீம் இல்லாம ஓடாது"ன்னு அடிச்சு விட்டுட்டுப் போயிருக்காரு. படிச்சதுலருந்து கடுப்பு. ஸ்டீம்ல வாங்குன விட்சர் 3 கேமோட ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி ஸ்டீமே இல்லாத பிசில போட்டு எக்ஸி ஃபைல டபுள் கிளிக் பண்ணுங்க, ஓடும். ஸ்டீமோட டிஆர்எம் (காப்பி பண்ணி ஓட்டாம தடுக்குற பூட்டு) கட்டாயமே இல்ல, போடுறதும் விடுறதும் கேம் பண்றவன் இஷ்டம்.

கோடாலி88: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 2004ல ஹாஃப் லைஃப் 2 டிஸ்க்க கடைல காசு குடுத்து வாங்குனவனயே ஸ்டீம் அக்கவுண்ட் போட்டாத்தான் ஆட விட்டாங்க. டிஜிட்டலா விக்கிறது லைசென்ஸ்தான்னா அத வெளிப்படையா சொல்லணும்னு கலிஃபோர்னியா சட்டம் வருதுன்னதும் 2024 அக்டோபர்ல "நீங்க வாங்குறது லைசென்ஸ்தான்"னு பில் போடுற எடத்துல அவங்களே எழுதிட்டாங்க. சொந்தமா வேணும்னா ஜிஓஜின்னு இன்னொரு கேம் கடை இருக்கு, அங்க போங்க, இன்ஸ்டாலர எறக்கி ஹார்ட் டிஸ்க்ல வச்சுக்கலாம்.

பழையமவுஸ்: லைசென்ஸ் பத்தி யாரு கேட்டா? "ஒரு கேம் கூட"ன்னு சொன்னீங்க. ஓடுது. அதுக்கு பதில் சொல்லுங்க.

மழைக்காளான்: இதுக்கா ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க, எபிக்னு ஸ்டீமுக்குப் போட்டியா இருக்குற கடைல 2020 மே மாசம் ஜிடிஏ 5வையே சும்மா குடுத்தான், டெவலப்பரோட விற்பனைல அதிகபட்சமே 12%தான் எடுக்குறான், ஸ்டீம் 30.

பழையமவுஸ்: அர குறையா பேசாதீங்க. 2018லயே மாத்திட்டாங்க, விற்பனை 1 கோடி டாலர் தாண்டுனா அதுக்கு மேல 25, 5 கோடி தாண்டுனா 20. மெட்ரோ எக்சோடஸ் கேம ரிலீசுக்கு மூணு வாரம் கூட இல்லாதப்ப ஸ்டீம்லருந்து தூக்கிட்டுப் போன எபிக்குக்கு வக்காலத்து வேற.

மழைக்காளான்: ரெண்டு பேரு உக்காந்து கேம் பண்றவனுக்கு 1 கோடி டாலர் எங்கருந்து வரும்? அவனுக்கு 30தான.

கோடாலி88: பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், நெட் இல்ல. காசு குடுத்து வாங்குன கேம், லாஞ்சருக்குள்ள (கேம தொறக்குற ஆப்) இன்னொரு லாஞ்சர் தொறந்து லாகின் கேட்டுச்சு, நாலு நாளும் ஆடவே முடியல. உங்க விட்சர வச்சு நான் என்ன பண்ண? யூபிசாஃப்ட் கம்பெனியோட தி க்ரூ கேம், 2024 மார்ச் 31ல சர்வர நிறுத்துனதும் மொத்தமா செத்துச்சு, அந்த ஃபோல்டரயும் காப்பி பண்ணி ஓட்டுங்க பாப்போம்.

பழையமவுஸ்: அது சர்வர் பிரச்சன, ஸ்டீம் என்ன பண்ணும்? கிராஃபிக்ஸ் கார்டு திரிலயும் இப்படித்தான் பேச்ச மாத்துனீங்க, நான் மறக்கல. "ஒரு கேம் கூட"ன்னு எழுதுனது நீங்கதான, ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

கோடாலி88: வச்சுக்கோங்க. பொதுவா சொன்னத எழுத்தெழுத்தா புடிச்சுத் தொங்குறது உங்க பழக்கம், அன்னிக்கும் அதான் நடந்துச்சு.

மழைக்காளான்: எபிக் 12% பத்தி யாருமே பதில் சொல்லல.

பழையமவுஸ்: ராத்திரி வைஃபைய ஆஃப் பண்ணி, ஸ்டீம அன்இன்ஸ்டால் பண்ணி, விட்சர் ஓடுறத வீடியோ எடுத்துப் போடுறேன். அப்புறமும் ஓடாதும்பீங்க.