ஓட்டினவர் தலையிலா, வண்டி தலையிலா?

கோயம்புத்தூர்

பல ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அபராதமும் வரியும் ஓட்டினவரைப் பிடிக்கிறதா, வண்டியையா? வெளிநாட்டு போலீஸ் தங்கம், நம்மூர் போலீஸ் தகரம் என்ற பேச்சு வேண்டாம். உங்கள் ஊரில் அபராதம் யாரைத் தேடி வருகிறது, வரி எதோடு ஒட்டியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பணம் போவது அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் இரண்டுமே வண்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும். புதுக் காருக்கு ஆயுள் வரி முதலிலேயே கட்டிவிடுகிறோம். 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி படிப்படியாக ஏறாது; முழு விலைக்கும் ஒரே விகிதம். 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்சமானால் 1,81,800. விலை ஏறியது இருபதாயிரம், வரி ஏறியது ஐம்பத்து மூன்றாயிரம்! டாப் மாடலா, அதற்கு ஒரு படி கீழா என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்.

இ-சலான் வருவது ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. பைக்கை விற்று, பெயர் மாற்றப் படிவம் 29, 30இல் கையெழுத்து மட்டும் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. விற்றவரே 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாதவரை ஹெல்மெட் போடாத ஆயிரம் ரூபாயும் உங்களுக்குத்தான். விபத்து இழப்பீடும் அப்படியே: பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

லெஸ்டர்

பிரிட்டனில் வேகக் கேமரா கடிதம் முதலில் உரிமையாளருக்கு வந்தாலும், குற்றப் புள்ளிகள் விழுவது ஓட்டியவரின் லைசென்ஸில். நோட்டீஸ் 14 நாளுக்குள் பதிவு முகவரிக்கு வந்து சேர வேண்டும். இதை வைத்துப் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். லீஸ் காராக இருந்தால் முதல் நோட்டீஸ் லீஸ் கம்பெனிக்குப் போயிருக்கும். உங்களுக்கு வருவது அடுத்தது, அதற்கு இந்த 14 நாள் கிடையாது.

யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். சாதாரண வேகக் குற்றத்துக்கு 100 பவுண்டும் 3 புள்ளியும்தான். பதில் போடாமல் இருந்தால் 6 புள்ளி, 1000 பவுண்டு வரை அபராதம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் லைசென்ஸே ரத்து. வீடு மாறியதும் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றாதவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

சாலை வரி காரோடு போகாது. விற்றவருக்கு மீதமுள்ள முழு மாதங்களுக்கு மட்டும் பணம் திரும்பும். வாங்கியவரின் வரி அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்தே ஓடும். ஆக 28ஆம் தேதி கார் கைமாறினால் ஒரே மாதத்துக்கு இருவரும் கட்டுகிறார்கள். மூன்று நாள் பொறுத்து 1ஆம் தேதி வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்டச் சீட்டை 2014 அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள். வரி இருக்கிறதா என்று இணையத்தில் எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பேர்ன்

சுவிஸில் நம்பர் பிளேட் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். காரை வித்தாலும் பிளேட்டைக் கழட்டி வச்சுக்கொள்ளலாம். ரெண்டு காருக்கு ஒரே சோடி பிளேட் எடுக்கிற முறையும் இருக்கு. ஆனால் ஒரு நேரத்தில ஒரு கார்தான் வீதியில நிக்கலாம். மற்றது தனியார் இடத்தில நிக்க வேணும்.

ஹைவேயில ஓடுறதுக்கான வரிச் சீட்டு, விக்னெட், 40 பிராங். முந்தின டிசம்பர் 1இல் தொடங்கி அடுத்த ஜனவரி 31 வரை, 14 மாதம் செல்லும். ஸ்டிக்கரைக் கண்ணாடியில நேரடியா ஒட்ட வேணும். டேப் போட்டு ஒட்டி, பிறகு மற்றக் காருக்கு மாத்தலாம் எண்டு நினைச்சால் 200 பிராங் தண்டம், அதோட புது விக்னெட்டும் வாங்க வேணும். 2023 ஆகஸ்டில் வந்த இலத்திரனியல் விக்னெட் பிளேட்டோட சேர்ந்தது. ஒரே பிளேட்டில ரெண்டு கார் ஓடினால் ஒரு விக்னெட்டே போதும்.

மணிக்கு 50 கி.மீ. வலயத்தில வேகம் 5 கி.மீ. வரை கூடினால் 40 பிராங், 10 வரை 120, 15 வரை 250. எல்லாம் வேகக் கருவியின்ர பிழைக்கான கழிவு போக மிஞ்சுற கணக்கு. 16இல் இருந்து வழக்கு. 50 கூடினால், அதாவது 100இல் போனால், அது சாதாரண வீதிக் குற்றமில்லை, பாரதூரமான குற்றவியல் வழக்கு. லைசென்ஸ் வருசக்கணக்கில போகும்.

புதுசா வாறவை எல்லாரும் பிழை விடுறது நீல வலயத் தட்டில, அதாவது நீலக் கோட்டுப் பார்க்கிங்கில வந்த நேரத்தைக் காட்ட வைக்கிற தட்டில. வந்த நேரத்தை அப்பிடியே வைக்கிறதில்லை, அடுத்த அரைமணிக் கோட்டில வைக்க வேணும். 10.10க்கு நிப்பாட்டினால் 10.30, அதிலிருந்து ஒரு மணித்தியாலம், 11.30 வரை நிக்கலாம். 11.35க்கு வந்தால் மதிய இடைவேளை சேர்ந்து 14.30 வரை நிக்கலாம். காரை எடுக்காமல் தட்டை மட்டும் திருப்பி வைக்கிறது செல்லாது.

தம்பரே

பின்லாந்தில் சம்பளம்தான் முதலில். வேகம் 20 கி.மீ.க்கு மேல் மிஞ்சினால் நாள்கணக்கு அபராதம்: குற்றத்துக்கேற்ப இத்தனை நாள், வருமானத்துக்கேற்ப ஒரு நாளுக்கு இவ்வளவு. வரி போகக் கையில் வரும் மாத வருமானத்தில் 255 யூரோவைக் கழித்து 60ஆல் வகுக்க வேண்டும். 3,255 யூரோ வாங்குபவருக்கு ஒரு நாள் 50. பன்னிரண்டு நாள் என்றால் 600. 2023இல் ஓலண்ட் தீவில் 50 வலயத்தில் 82இல் போன கோடீஸ்வரருக்கு 1,21,000 யூரோ வந்தது.

வவுனியா

இலங்கையில பொலிஸ் கையில எடுக்கிறது சாரதி அனுமதிப்பத்திரத்தை. தாற தண்டப் படிவமே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதி. தபால் கந்தோரில கட்டி, பற்றுச்சீட்டோட அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய்த்தான் திருப்பி எடுக்க வேணும். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 தாண்டினால் நீதிமன்றம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போறவரைப் புத்தளத்தில பிடிச்சால் தண்டத்தை விட பஸ் காசு கூட. 2025இல் தொடங்கின கோவ்பே எண்ட அரச இணையக் கட்டணச் சேவை வழியா அந்த இடத்திலேயே போனில கட்டினால் பத்திரம் கையோட வந்திடும். டேட்டா இல்லாமல் தூரப் பயணம் போகாதேங்கோ.

ஜூரோங்

மேலே ஆயுள் வரி 20 சதவீதம் என்று படித்தேன், சிரிப்புத்தான் வந்தது. சிங்கப்பூரில் இறக்குமதி விலை 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். சுங்கத் தீர்வை 20 சதவீதம், 6,000. இரண்டையும் சேர்த்து ஜி.எஸ்.டி. 9 சதவீதம், 3,240. ஏ.ஆர்.எஃப். என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு 100 சதவீதம், அடுத்த 10,000க்கு 140 சதவீதம், மொத்தம் 34,000. இப்போதே 73,240 ஆயிற்று. டீலர் லாபம் தனி. கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றான சி.ஓ.இ.யின் ஏலத்தொகையும் தனி, அது பத்தே ஆண்டுக்கு.

பத்தாம் ஆண்டில் சி.ஓ.இ.யைப் புதுப்பித்தால், காரைக் கைவிடும்போது ஏ.ஆர்.எஃப்.இல் திரும்பக் கிடைக்க வேண்டிய பங்கு போய்விடும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்ட முடியாது. சாலை வரியும் 10 சதவீதத்தில் தொடங்கி 50 வரை கூடும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

மலேசியாவின் ஜொகூர் போகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூர் கார் எல்லை தாண்டும்போது டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம், காரும் திரும்ப வேண்டியதுதான். எஞ்சினை ஓட விட்டு மீட்டரைக் காட்டச் சொல்வார்கள். மேட்டில் நின்றால் முள் கொஞ்சம் இறங்கியும் தெரியும், அதனால் முக்காலுக்கு மேலேயே நிரப்புங்கள். மலேசியாவுக்குள் நுழைந்த பிறகு வி.இ.பி. என்ற வாகன நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். 2025 ஜூலையிலிருந்து கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள். அங்கே மஞ்சள் குழாயில் வரும் மானிய பெட்ரோல் ரோன்95 வெளிநாட்டு வண்டிக்குத் தடை. ரோன்97தான் போட வேண்டும்.