வேப்பரைசர், அட்டமைசர், ஏரோசால்: மூன்றுக்கும் ‘ஆவியாக்கி’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வேப்பரைசருக்கு ‘ஆவியாக்கி’ என்று வைத்து இந்த இழையை முடித்துவிடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நாம் தமிழாக்கப் போவது விளம்பர வாசகத்தை அல்ல, மின் ஆவியாக்கி (இ-சிகரெட் வகைக் கருவி) ஒன்றின் காப்புரிமை விண்ணப்பத்தை. அதிலும் முக்கியமாக, எது தன்னுடையது என்று விண்ணப்பதாரர் வரையறுக்கும் உரிமைக்கோரல் பகுதியை (இனி ‘கோரல்’). அங்கே ஒரு சொல்லின் பரப்பு எவ்வளவோ, கேட்கும் உரிமையின் பரப்பும் அவ்வளவுதான். காப்புரிமை ஆய்வர் அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழைய ஆவணங்களைப் புரட்டுவார்.

> எல்லாமே திரவத்தைப் புகை மாதிரி ஆக்குகிற கருவிதானே, ஒரு சொல் போதாதா?

பேச்சுக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தொட்டியில் இருக்கும் திரவத்தைத் திரி உறிஞ்சிக் கம்பிச் சுருளுக்குக் கொண்டுவருகிறது. மின்கலம் சுருளைச் சூடாக்குகிறது. திரவத்தில் பெரும்பங்கு புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னதன் கொதிநிலை சுமார் 188 பாகை செல்சியஸ், பின்னதற்குச் சுமார் 290. சூட்டில் எழுவது உண்மையான ஆவி, அது கண்ணுக்குத் தெரியாது. உடனே குளிர்ந்த காற்றோடு கலந்து மறுபடி திரவமாகிறது. ஆனால் தொட்டியில் கிடந்த மாதிரி இல்லை. பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள துளிகளாகக் காற்றில் மிதக்கிறது. வெள்ளையாகத் தெரிவது இந்தத் துளிக்கூட்டம். ஆக, சுருள் உண்டாக்குவது ஆவி, ஆள் இழுப்பது ஏரோசால். இரண்டையும் ஆவி என்றே எழுதினால், ‘ஆவி குளிர்ந்து ஆவியாகிறது’ என்று ஒரு வாக்கியம் விண்ணப்பத்தின் விளக்கவுரையில் வந்து நிற்கும். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வரைவு ஏற்கெனவே நம் கோப்பில் இருக்கிறது.

சூடே இல்லாத வகையும் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பீசோ மின் உறுப்பு ஒன்று, காதுக்குக் கேட்காத மீயொலி அதிர்வெண்ணில் அதிர்ந்து திரவத்தை நேரடியாகத் துளிகளாகச் சிதறடிக்கும். அங்கே கொதிப்பு கிடையாது, ‘ஆவி’ என்ற நிலையே இடையில் வராமல் வேலை முடிந்துவிடுகிறது. அதையும் ஆவியாக்கி என்று அழைத்தால் அறிவியலும் பிழை, சட்டத்திலும் ஆபத்து.

ஆபத்து எப்படி என்று சொல்கிறேன். ஜோசப் ராபின்சன் என்பவர் 1930இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பே ‘எலெக்ட்ரிக் வேப்பரைசர்’. மருந்துப் பொருளைச் சூடாக்கி அதன் ஆவியை மூச்சோடு இழுப்பதற்கான கருவி அது. 1965இல் ஹெர்பர்ட் கில்பர்ட் பெற்ற காப்புரிமை புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட்டுக்கு. எரிப்பதற்குப் பதிலாகச் சூடான, ஈரமான, மணமூட்டிய காற்றை இழுக்கலாம் என்பது அவருடைய யோசனை. 2003 வாக்கில் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் முன்வைத்த கருவியில்தான் மீயொலி உறுப்பு வருகிறது. அவருக்கு 2010இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பைப் பாருங்கள்: வேப்பரைசர் இல்லை, ‘எலெக்ட்ரானிக் அட்டமைசேஷன் சிகரெட்’. அட்டமைசேஷன் என்றால் திரவத்தை நுண்ணிய துளிகளாக்குவது.

இப்போது ஆய்வரின் நாற்காலியில் உட்காருங்கள். சூடாக்காமல் அதிர்வால் மட்டும் துளியாக்கும் கருவி ஒன்றுக்கு விண்ணப்பம் வருகிறது. தமிழ்க் கோரலில் ‘திரவத் தொட்டியும் மின்சாரத்தால் இயங்கும் ஆவியாக்கியும் கொண்ட கருவி’ என்று இருக்கிறது. ஆய்வர் 1930ஆம் ஆண்டு ஆவணத்தை எடுத்து மேசையில் வைப்பார், மின்சார ஆவியாக்கி அப்போதே இருக்கிறதே என்பார். கண்டுபிடித்தவர் ‘என்னுடையது வேறு’ என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டுக்கு நாம் எழுதிய தமிழில் இடமே இல்லை.

இங்கே ஆய்வின் ஒரு விதியை நினைவில் வைக்க வேண்டும். கோரலின் எல்லாக் கூறுகளும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் புதுமை போய்விடும். இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்தால்தான் கூறுகள் முழுமையாகும் என்றால் கேள்வி மாறுகிறது: அவற்றைச் சேர்த்துப் பார்ப்பது துறை தெரிந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா? (இந்தத் ‘துறை தெரிந்தவர்’ என்பதற்கு ‘கலையில் வல்லவர்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், நாட்டியக்காரர் நினைவுக்கு வருகிறார்.) அப்புறம், பொதுச்சொல்லும் தனிச்சொல்லும் ஆய்வில் சமமல்ல. ‘வாகனம்’ என்று கோரினால் பழைய ஆவணத்தில் உள்ள ஒரு சைக்கிளே அதைக் கவிழ்க்கப் போதும். ‘சைக்கிள்’ என்று கோரினால், பழைய ஆவணத்தில் வாகனம் என்ற சொல் இருப்பது மட்டும் அதைக் கவிழ்க்காது. நம் கலைச்சொற்களும் இந்தப் படிநிலையைக் காப்பாற்ற வேண்டும். என் வாதம் முழுவதும் இதுதான்.

> அட்டமைசருக்கு ‘அணுவாக்கி’ என்பது நேரான தமிழ்.

ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளுக்கு நேரானது, கருவிக்கு நேரானதல்ல. பழைய வழக்கில் அணு என்றால் மிக நுண்ணிய துகள் என்பது சரி. இன்றைக்கு அணு என்றால் அணு உலைதான். நான் முன்வைப்பது ‘நுண்துளியாக்கி’. வெறும் ‘துளியாக்கி’ போதுமே என்று கேட்கலாம். அது சொட்டு மருந்து விடும் குழாயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹோன் லிக்குக்குப் பிறகு வந்த கருவிகளில் பெரும்பாலானவை மீயொலியை விட்டுவிட்டுச் சூடாக்கும் சுருளுக்கு வந்துவிட்டன. ஆனாலும் சீன மூலத்திலிருந்து வரும் விண்ணப்பங்களில் அட்டமைசர் என்ற சொல்லே நீடிக்கிறது. காரணம், சீனச் சொல்லில் மூடுபனியைக் குறிக்கும் எழுத்தும் ஆக்குதலைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருக்கின்றன. பனிபோல ஆக்குவது எதுவோ அது. சூட்டாலா அதிர்வாலா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. எனவே ‘அட்டமைசர் என்றால் சூடில்லாதது, வேப்பரைசர் என்றால் சூடுள்ளது’ என்று நாம் சுத்தமாகக் கோடு போட்டால், பாதி விண்ணப்பங்களில் படம் ஒன்று சொல்லும், சொல் வேறொன்று சொல்லும்.

நுண்துளியாக்கி இங்கேதான் கைகொடுக்கிறது. அது விளைவைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. சுருளும் அதற்குள் அடங்கும், பீசோவும் அடங்கும். ஆவியாக்கியோ வழியைச் சொல்கிறது: ஆவி நிலையைக் கடந்து வந்தால் மட்டுமே அது ஆவியாக்கி. ஆக முன்னது பொதுச்சொல், பின்னது அதன் கீழ் ஒரு வகை. படிநிலை கெடவில்லை.

> மருத்துவமனை நெபுலைசரும் நுண்துளியாக்கிதானே?

உண்மை, அதன் கீழ் வரும் இன்னொரு வகை. ஆனால் அதற்குத் தனிச்சொல் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தால் ‘நெபுலைசர் வை’ என்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. அப்படியே இருக்கட்டும்.

ஏரோசால்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. முதலில் ‘தூவளி’ என்று நினைத்தேன். தூவும் வளி, வினைத்தொகை, வாயில் அழகாக வருகிறது. ஆனால் தூ என்றால் தூய்மை என்றும் பொருள். ‘தூய காற்று’ என்று படிக்க இடம் தரும் ஒரு சொல்லை இந்தக் கருவிக்கு நாமே வைத்துக் கொடுத்தால், விற்பவர்கள் மாலை போட்டு வரவேற்பார்கள். ‘துளிவளி’ அடுத்தது. இந்தக் கருவிக்குப் பொருத்தம்தான், ஆனால் ஏரோசால் என்பதில் திண்மத் துகளும் அடங்கும். மூலத்தில் அகலமாக இருப்பதை நாம் குறுக்கக் கூடாது. எனவே ‘துகள்வளி’. துகள் என்றதும் தூசுதான் தோன்றும் என்று வேதியியல் ஆசிரியர் ஐயா தனி மடலில் சொன்னார். இந்தத் துறையில் மிதக்கும் துளியையும் துகள் என்றே எண்ணுகிறார்கள், அதன் அளவைத் துகளளவு என்றே சொல்கிறார்கள். பழகிவிடும் என்று நம்புகிறேன்.

> விளக்கவுரையில் வரையறுத்துவிட்டால் எந்தச் சொல்லாக இருந்தால் என்ன?

பாதி சரி. விண்ணப்பதாரர் தம் சொல்லுக்குத் தாமே அகராதியாக இருக்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆனால் தெளிவான வரையறை இல்லாத இடத்தில் அமெரிக்க ஆய்வர், நியாயமாக எவ்வளவு அகலமாகப் பொருள் கொள்ள முடியுமோ அவ்வளவு அகலமாக அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வார். மேலும் நாம் மொழிபெயர்ப்பவர்கள். மூலத்தில் இல்லாத வரையறையை நடுவில் நுழைத்தால் அது புதிதாகச் சேர்த்த பொருளாகிவிடும், அதற்கு அனுமதி கிடையாது. சொல்லே தன் எல்லையைச் சொன்னால்தான் நாம் தப்பிக்கலாம்.

ஒரு சொல்லை எடுத்தால் கடைசி வரை அதே சொல். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். இங்கே முதல் பத்தியில் ‘சுருள்’, மூன்றாம் பத்தியில் ‘கம்பி’ என்று மாற்றினால், இரண்டும் வெவ்வேறு பாகங்களா என்று ஆய்வர் கேட்பார். இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை: ஆங்கிலக் கோரலில் ஒரு பாகம் முதல்முறை வரும்போது ‘எ’ என்ற இடைச்சொல், மறுமுறை வரும்போது ‘தி’. தமிழில் அது இல்லை. ‘ஆவியாக்கி’ என்று இரண்டாம் முறை எழுதினால் அதே ஆவியாக்கியா, வேறொன்றா? இதற்குப் புதுச் சொல்லே வேண்டாம், நம் பத்திர எழுத்தர்கள் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். ‘மேற்படி’. முதல்முறை ‘ஓர் ஆவியாக்கி’, அப்புறம் எப்போதும் ‘மேற்படி ஆவியாக்கி’. ‘உள்ளடக்கிய’ என்பதற்கும் ‘மட்டுமே கொண்ட’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் விடாதீர்கள். முதலாவது திறந்த கதவு, கூடுதல் பாகம் இருந்தாலும் கோரல் பொருந்தும். இரண்டாவது மூடிய கதவு.

அடுத்து, டிசைன். எல்லோரும் ‘வடிவமைப்பு’ என்கிறோம். சுருளை எங்கே வைப்பது, காற்றுவழியை எப்படித் திருப்புவது என்பதும் வடிவமைப்பு. கருவி பார்க்க எப்படி இருக்கிறது என்பதும் வடிவமைப்பு. காப்புரிமையில் இவை இரண்டு வெவ்வேறு உலகங்கள். அமெரிக்காவில் டிசைன் பேட்டன்ட் என்ற தனி வகை இருக்கிறது. பொருளின் அலங்காரத் தோற்றத்துக்கு மட்டுமே அது கிடைக்கும். கோரல் ஒன்றே ஒன்றுதான், ‘படத்தில் காட்டியபடி’ என்ற அளவில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் படங்கள். முழுக்கோட்டில் வரைந்தது கோருவது, புள்ளிக்கோட்டில் வரைந்தது கோராதது. உடலை முழுக்கோட்டிலும் உறிஞ்சுவாயைப் புள்ளிக்கோட்டிலும் வரைந்தால், எந்த உறிஞ்சுவாய் மாட்டியிருந்தாலும் அந்த உடல் தன்னுடையது என்று பொருள். மீறலைத் தீர்மானிக்கும் அளவுகோலும் வேறு: சாதாரணப் பார்வையாளரின் கண். 1871இல் கரண்டி, முள்கரண்டிக் கைப்பிடிகளைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்தது அது. இந்த வகைக்குத் ‘தோற்ற வடிவம்’ என்றும் மற்றதற்குக் ‘கட்டமைப்பு’ என்றும் பிரித்துக்கொள்வோம். காற்று போக ஒரு துளை வேண்டும் என்பது கட்டமைப்பு. அந்தத் துளைகளைப் பூ மாதிரி அடுக்கியிருப்பது தோற்ற வடிவம்.

மீதி எளிது. மவுத்பீசுக்கு ‘ஊதுவாய்’ என்ற யோசனையை விட்டுவிடலாம், யாரும் ஊதுவதில்லை, ‘உறிஞ்சுவாய்’ சரி. பஃப் என்பதற்கு ‘இழுப்பு’ இருக்கும்போது வேறெதற்கும் தேவை இல்லை. அதை உணர்வது இழுப்பு உணரி.

எல்லாவற்றையும் சேர்த்து மாதிரிக்கு ஒரு கோரல் எழுதிப் பார்த்தேன்:

‘திரவத்தைக் கொண்டிருக்கும் ஒரு தொட்டியையும், மேற்படி தொட்டியிலிருந்து மேற்படி திரவத்தைக் கொண்டுவரும் ஒரு திரியையும், மேற்படி திரியைத் தொட்டிருக்கும் ஒரு சூடாக்கும் சுருளைக் கொண்ட ஓர் ஆவியாக்கியையும், மேற்படி ஆவியாக்கியில் எழும் ஆவி குளிர்ந்து துகள்வளியாகும் ஒரு காற்றுவழியையும், மேற்படி காற்றுவழியில் இழுப்பை உணர்ந்து மேற்படி சுருளுக்கு மின்னோட்டம் செல்லச் செய்யும் ஓர் இழுப்பு உணரியையும் உள்ளடக்கிய துகள்வளிக் கருவி.’

நீளம்தான், கோரல் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது மரபு. திருத்துபவர்கள் தாராளமாகத் திருத்துங்கள். ‘தொட்டிருக்கும்’ என்பதை மட்டும் ‘சுற்றியிருக்கும்’ என்று மாற்றிவிடாதீர்கள். திரியின் மேல் படிந்து நிற்கும் தட்டைச் சுருள் வெளியே போய்விடும், மூலத்தின் நான்காம் படத்தில் இருப்பது அதுதான்.