புதுப்பிப்பு: சோப்பு விளம்பரத்தில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகம்

எங்கள் மூலிகைச் சோப்பின் அட்டையிலும் விளம்பரத்திலும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பெண் முகத்தைப் போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

முதலில் கைகொடுத்தது, அந்தப் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்ன யோசனை. நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த முகத்தில் ஒரு நடிகையின் சாயல் அப்படியே இருந்தது, கைவிட்டோம். இந்தி நடிகர் அனில் கபூரின் பெயர், குரல், உருவத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் தடை விதித்திருக்கிறது. வேறு முகம் உருவாக்கினோம். மென்பொருளின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

எதிர்பாராதது ஒன்று: எங்கள் வழக்கறிஞர், அந்த முகத்தைவிட ‘பயன்படுத்துவதற்கு முன், பின்’ படத்தைத்தான் கடுமையாக எதிர்த்தார். இல்லாத பெண்ணின் தோல் எப்படிப் பொலிவு பெறும்? அது பொருளின் பலனைப் பற்றிய பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் நடந்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும் அதை நீக்கியிருப்பேன். மக்கள் நம்பித் தங்கள் தோலில் தேய்க்கும் பொருள் இது. “நான் பயன்படுத்தினேன்” என்று அந்த முகம் சொல்வதாக இருந்த வாசகமும் போய்விட்டது.

இப்போது அட்டையில் சோப்பும் மூலிகை இலைகளும் மட்டுமே. விளம்பரத்தில் முகம் இருக்கிறது. அதன் கீழே, தெளிவாகப் படிக்கும் அளவில், “செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படம்” என்று அச்சிட்டிருக்கிறோம்.