கே.பி. படத்துப் பெண்கள் ஏன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டே போகிறார்கள்?

ராத்திரிக்காட்சி:
கே.பி. என்கிற இயக்குநர் கே. பாலசந்தர் படத்துப் பெண்கள் பேசுகிற பேச்சு எனக்கு உயிர். 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதா வீட்டையே அதட்டி வைத்திருப்பாள். நல்ல பெண் என்றால் பொறுமைசாலி என்றிருந்த சினிமாவில் சுஜாதாவின் அந்தச் சிடுசிடுப்பே புதுசு. ஆனால் கடைசி ரீல் வந்தால் எனக்கு எரிச்சல்தான். காதலித்தவனை விதவைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பாள். அப்புறம் கட்டிக்கொள்ள இருந்தவனை இன்னொரு தங்கைக்கு. 'மனதில் உறுதி வேண்டும்' (1987) நந்தினியோ விவாகரத்தான கணவனுக்குக் கிட்னியையே கொடுக்கிறாள்! நானும் ஒற்றைச் சம்பளத்தில் வீட்டை இழுக்கிறவள்தான், அதனால் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். இதை எப்படி முற்போக்கு என்கிறார்கள்?

பழைய டைப்பிஸ்ட்:
கண்ணு, 'அவள் ஒரு தொடர்கதை' வந்தபோது எனக்கு வேலை கிடைத்த புதுசு. ஆபீஸ் போகிற பெண்ணைக் கதைக்கு நடுவில் உட்கார வைத்த படம் அன்றைக்கு எத்தனை இருந்தது? பாலசந்தரே ஏஜிஸ் ஆபீஸில், அதாவது அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், குமாஸ்தாவாக இருந்தவர். எங்களைப் போன்றவர்களைப் பக்கத்தில் பார்த்திருப்பார். கடைசியில் கவிதா மறுபடி வேலைக்குக் கிளம்பியதை நாங்கள் தியாகமாகப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். 'அரங்கேற்றம்' (1973) பார். குடும்பத்துக்காக உடம்பை விற்ற லலிதாவை, அந்தக் காசில் சாப்பிட்ட குடும்பமே ஒதுக்குகிறது. அதில் அசிங்கப்படுவது அவள் இல்லை, அவர்கள்.

பெஞ்சு டிக்கெட்:
சகோதரி, பாதிப் படங்களை விட்டுவிட்டீர்களே. 'நிழல் நிஜமாகிறது' (1978) ஷோபா, தன்னைக் கர்ப்பமாக்கியவன் திரும்பி வந்தும் வேண்டாம் என்கிறாள். காது கேளாத வேலைக்காரரைக் கட்டிக்கொள்கிறாள். 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) சரிதா மாலைக்குள் கத்தியை ஒளித்து மேடையேறி, ஊழல்வாதி ஆகிவிட்ட கணவனைக் குத்துகிறாள். இதில் எங்கே விட்டுக்கொடுத்தாள்? 'அவர்கள்' (1977) முடிவு இன்னும் அழகு. முன்னாள் கணவன், பழைய காதலன், பொம்மையின் வாயால் மட்டும் மனசைச் சொல்லத் தெரிந்த ஜானி, மூவரையும் விட்டு ரயில் ஏறுகிறாள் அனு. கூடப் போவது அந்தக் கொடுமைக்காரக் கணவனைப் பெற்ற அம்மா.

ராத்திரிக்காட்சி:
டைப்பிஸ்ட் அம்மா, நீங்கள் சொன்ன மறுநாள் காலை எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலையில் எனக்குக் கைதட்ட ஆள் இல்லை, அதுதான் கடுப்பு. சரிதா, ஷோபா விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். மாமியார் ரயிலேறும் இடம் எனக்கும் பிடிக்கும். என் சண்டை அவருடைய படித்த, வாய் பேசுகிற நாயகிகளோடுதான். 'சிந்து பைரவி' (1985) சுகாசினி, அவ்வளவு பெரிய பாடகர் ஜேகேபியையே சங்கீதத்தில் மடக்குகிறவள், கடைசியில் அவர் குழந்தையைப் பெற்று அவர் மனைவி பைரவி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறாள். சரி, ஒரு தடவை என்று விடலாம். 1996-இல் 'கல்கி'யிலும் அதேதான். பிரகாஷைப் பழிவாங்கப் போனவள், அவன் பிள்ளையைப் பெற்று, மலடி என்று பெயர் வாங்கிய செல்லம்மாவிடம் கொடுக்கிறாள். பதினோரு வருஷம் கழித்தும் புத்திசாலிப் பெண்ணுக்கு அவர் வைத்திருந்தது அதே வழிதான். பிள்ளையைத் தானே வளர்க்கட்டும் என்று ஏன் விடவில்லை?