ஒகேனக்கல்லில் கிடக்கும் அதே பாக்கெட், பூம்புகார் கடற்கரையில்

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். பிலிகுண்டுலு வழியாகக் காவிரி உள்ளே வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அது கடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று பெரியம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. இந்தத் தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு பூம்புகார் போய் வந்தோம்.

முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பூம்புகாரில் அதே காவிரி ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் ஓடுகிறது. முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிந்து, வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு போக, மேலையூர் கதவணையைத் தாண்டி வருவது இவ்வளவுதான். "இதுவா நம்ம காவேரி?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

பல்லவனேச்சுரம் கோயில் பக்கத்தில் புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. சதுரம் சதுரமாக வரிசையாய் அறைகள். சின்ன வெண்கலப் புத்தரும் கல்லில் செதுக்கிய புத்தபாதமும் அங்கே தோண்டும்போது கிடைத்தவை. 1960களில் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல் படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பங்களும் மண்ணுக்குள் இருந்தன. அந்த மரத்தைச் சோதித்ததில் கிமு 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்று வந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார், வானகிரி கரைகளில் அலை ஏறி இறங்கும் இடத்திலேயே உறைகிணறுகளையும் செங்கல் கட்டுமானத்தையும் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். கடல் பழைய பட்டினத்தை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த மணலில் நடந்தாலே தெரியும்.

நான் வரலாறு பார்க்கத்தான் போனேன். கண்ணில் முதலில் பட்டது குப்பை.

ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாண் இடத்துக்குள் சிவப்புப் பானை ஓடு ஒன்று, விளிம்பெல்லாம் அலையில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதை ஒட்டி, மூலை கிழிந்த ஷாம்பு பாக்கெட். நீல நைலான் வலைத்துண்டு இரண்டையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. பானை ஓட்டுத் துண்டை இருந்த இடத்திலேயே விட்டேன். அப்படிப்பட்ட இடத்திலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பாக்கெட்டையும் வலையையும் எடுத்துக்கொண்டேன். நாலடி போவதற்குள் இன்னும் பாக்கெட்டுகள், ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், குவார்ட்டர் பாட்டில், மணலில் பாதி புதைந்த வேட்டி.

அந்த ஷாம்பு பாக்கெட் எனக்குப் புதிதில்லை. ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் முடித்துக் குளிக்கும் பாறை இடுக்குகளில் இதேதான் கிடக்கும். தண்ணீர் பாட்டிலையாவது பொறுக்கி எடுக்க ஆள் உண்டு, காயலான் கடையில் எடைக்குப் போடலாம். பாக்கெட் அப்படியில்லை. வேறு வேறு படலங்களை ஒட்டித் தயாரிப்பதால் பிரித்து உருக்க முடியாது, அதனால் யாரும் வாங்குவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை வந்தது. பாக்கெட் இன்றும் கடைக்குக் கடை சரம் சரமாகத் தொங்குகிறது. நடுவில் மேட்டூர் அணை இருக்கிறது, நாம் போட்டது அப்படியே பூம்புகார் போய்விடாது என்று சிலர் சொல்வார்கள். போகாமலே இருக்கட்டும். அணைக்குள் கிடந்தால் மட்டும் நல்லதா? அந்தத் தண்ணீரைத்தான் வழிநெடுக ஊர்கள் குடிக்கின்றன.

முழுக்குப் போட்ட பெரியம்மா, வழக்கப்படி கட்டியிருந்த பழைய சேலையைத் தண்ணீரில் விடப் போனார். கரையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து ஓடி வந்தார்.

"அம்மா, சேலையத் தண்ணியில விட்ராதீங்க. எல்லாம் எங்க வலையிலதான் வந்து சிக்குது. வலை கிழிஞ்சா அன்னிக்குத் தொழில் போச்சு."

"பாவத்தைக் கழிக்கத்தாம்மா விடுறது."

"முழுகினதோட பாவம் போயிருச்சும்மா. துணிய எடுத்துட்டுப் போங்க."

பெரியம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "சரிம்மா, நீ சொல்றதும் நாயந்தான்" என்று சேலையைப் பிழிந்து என்னிடம் நீட்டினார். மகன் வலையில் அமாவாசைக்கு அமாவாசை துணி மூட்டையே வரும் என்று அந்த அம்மா சொன்னார். தை, மாசி என்றால் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம். மிதக்கும் பாலிதீன் பையைச் சொறிமீன் (ஜெல்லிமீன்) என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும், அறுந்த வலையில் மாட்டினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் சாகும் என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. அவரிடமே அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஆடி 18க்கு ஒகேனக்கல் போகிற நம் தருமபுரி ஆட்களிடம் கேட்பது இதுதான். ஷாம்பு, சீயக்காயை வீட்டிலிருந்தே ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். பழைய துணியை ஆற்றில் விடாதீர்கள். பெரியவர்கள் மனசு கேட்காவிட்டால் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றிவிட்டுத் துணியைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள், ஒரு தாத்தா இன்னும் மறுக்கிறார்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்களே, கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துக்கொண்டு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆறு கடலூரில் கடலோடு சேரும் இடத்தைப் போய்ப் பார்த்தவர்கள் இருந்தால், அங்கே என்ன கிடந்தது என்று எழுதுங்கள்.